முப்பத்தைந்து வயதில் ஏடிஎச்டியா, சுனாமி விட்ட காயமா, பஞ்சியா?

கல்முனைப் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 35. பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். எட்டு வயது மகனுக்கு, கவனத்தை நினைத்தபடி திருப்ப முடியாத ஏடிஎச்டி என்று போன மாதம் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். "டொக்டர் அவனைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் என்னைக் கேட்ட மாதிரியே இருந்தது. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்து கடைசியில் அழுதிருக்கிறேன். எனக்கும் அதுதானா? சண்டைக்குள் பிறந்து சுனாமியில் அடிபட்டதால் வந்ததா? இல்லாவிட்டால் வீட்டில் சொல்வதுபோல வெறும் பஞ்சியா? இந்த வயதில் மாத்திரை எடுத்தால் அதற்கே அடிமையாகிவிட மாட்டேனா?" இதுதான் கேள்வி. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் உளநலக் கிளினிக்குகளில் நீண்ட காலம் இருந்த வைத்தியன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

தங்கச்சி, பஞ்சியிலிருந்தே தொடங்குகிறேன். இத்தனை வருடம் உங்களை வைத்தியரிடம் போகவிடாமல் மறித்தது அந்தச் சொல்தான். பஞ்சி பிடித்தவர் வேலையைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுப்பார். நீங்கள் வேலையும் ஓடாமல் நிம்மதியும் இல்லாமல் கோப்புக்கு முன்னால் இருந்து அழுதிருக்கிறீர்கள். செய்யவேண்டும் என்ற நினைப்பு இருக்கிறது. எப்படிச் செய்வது என்று தெரியும். பிந்தினால் யார் என்ன பேசுவார்கள் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் கை போகவில்லை. ஏடிஎச்டி உள்ள வளர்ந்தவர்கள் கிளினிக் கதிரையில் வந்து இருந்தவுடன் சொல்லும் கதை பெரும்பாலும் இதுதான். மனச்சோர்விலும் இதே கதை வரும். அதனால் உங்களுக்கு ஏடிஎச்டிதான் என்று நான் இங்கிருந்தே முத்திரை குத்தப்போவதில்லை. பஞ்சி என்ற முத்திரையை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடலாம்.

ஏடிஎச்டிக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயரே ஆட்களைப் பிழையான பக்கம் கூட்டிப்போகிறது. கவனமே இல்லாதவர் என்று அதைக் கேட்டவர் நினைப்பார். பிறகு அதே ஆள் பிடித்த வேலை ஒன்றில் சாப்பாடு தண்ணீர் மறந்து ஐந்து மணித்தியாலம் இருப்பதைக் கண்டால், "இதுக்கு மட்டும் கவனம் வருதோ?" என்று கேட்பார். எங்கள் ஊர்க் குளத்தை நினைத்துப் பாருங்கள். குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது, ஆனால் துருசை, அதாவது மதகைத் திறந்து மூடும் பிடி உங்கள் கையில் இல்லை. வயலுக்குத் தேவையான நேரம் தண்ணீர் வராது, தேவையில்லாத நேரம் வரம்பை உடைத்துக்கொண்டு பாயும். கவனத்தை வேண்டிய நேரம் வேண்டிய இடத்துக்குத் திருப்புவதும், அங்கேயே நிறுத்தி வைப்பதும், தேவை முடிந்ததும் கழற்றி எடுப்பதும் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியும் அதோடு இணைந்த உள்வலையமைப்புகளும் பார்க்கும் வேலை. டோபமின், நோர்அட்ரினலின் என்ற இரண்டு இரசாயனங்கள்தான் அங்கே செய்தி கடத்துகின்றன. ஏடிஎச்டியில் அந்தக் கடத்தல் வேறு விதமாக நடக்கிறது. பிடித்த வேலை, புதிய வேலை, நாளைக்கே முடிக்கவேண்டிய வேலை என்றால் மூளை தானாக எழும்பிவிடும். முக்கியம் என்ற ஒரே காரணத்துக்காக எழும்பாது.

மறதி, கவனம் சிதறுவது மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். ஆளை உண்மையில் அரிப்பது நேரம். ஏடிஎச்டி உள்ளவருக்குப் பத்து நிமிடமும் ஒரு மணித்தியாலமும் ஒரே நீளமாகத்தான் படும். எட்டு மணி பஸ்ஸுக்கு ஏழு ஐம்பதுக்கு முகம் கழுவத் தொடங்குவார், நேரம் காணும் என்று மனதார நம்புவார். அடுத்தது கையிலிருக்கும் நினைவு. அறைக்குள் போனபின் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பது எல்லாருக்கும் எப்போதாவது நடக்கும், இவர்களுக்கு அது நாளுக்கு இருபது தரம். பிறகு கோபமும் அழுகையும். சிறு சொல்லுக்குச் சட்டென்று பொங்கி, பத்து நிமிடத்தில் அடங்கி, மிச்ச நாளெல்லாம் குற்ற உணர்ச்சியில் கிடப்பார்கள். நோய்க்குறி அட்டவணையில் இந்த உணர்ச்சிப் பக்கத்துக்குப் பெரிய இடமில்லை. கலியாணங்களைக் குலைப்பது பெரும்பாலும் அதுதான்.

சின்ன வயதுத் துடியாட்டம் பெரியவர்களில் வெளியே அவ்வளவாகத் தெரியாது. அது உள்ளே போய்விடும். கூட்டத்தில் அசையாமல் இருப்பார், ஆனால் உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். முன்பு இது வளர வளரத் தானாகப் போய்விடும் என்று வைத்தியர்களே நம்பினார்கள். பிள்ளைகளை வளர்ந்த பிறகும் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள், பலருக்கு அது போவதில்லை, வடிவம்தான் மாறுகிறது என்று காட்டின. வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 100 பேருக்கு 2 முதல் 3 பேர் என்பது பல நாடுகளில் கிடைத்த கணக்கு.

பெண்பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமல் தப்பிப்போவது துடியாட்டம் வெளியே தெரியாததால்தான். வகுப்பில் கதிரை ஏறிக் குதிக்கும் பொடியனை ஆசிரியர் அதிபரிடம் அனுப்புவார். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை யாரும் எங்கும் அனுப்புவதில்லை. "நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, கொஞ்சம் கவனமெடுத்தால் முன்னுக்கு வரலாம்" என்று தேர்ச்சி அறிக்கையில் ஒரு வரி எழுதுவதோடு விட்டுவிடுவார்கள். அந்த ஒரு வரியைத் தவணைக்குத் தவணை வாங்கிய பெண்களை நான் கிளினிக்கில் நிறையக் கண்டிருக்கிறேன். கெட்டித்தனம் இருந்தால் சாதாரண தரம் வரை தள்ளிக்கொண்டு போகலாம். பள்ளிக்கூட மணி இருக்கிறது, ரியூசன் நேரம் இருக்கிறது, எழுப்பிவிட அம்மா இருக்கிறார். அந்தச் சட்டகம் கழன்ற பிறகுதான் ஆட்டம் காணத் தொடங்கும். உங்கள் விசயத்தில் வேலை, பிள்ளை, வீட்டுக்கடன் மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்த நேரம் என்று நினைக்கிறேன்.

நானே ஒருவரைத் தவறவிட்டிருக்கிறேன், அதையும் சொல்லவேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வந்த ஓட்டோ சாரதி ஒருவர். நித்திரை இல்லை, மனம் சரியில்லை, வீட்டில் சண்டை என்று சொன்னார். மனச்சோர்வு என்று எழுதி நான்கு வருடம் அதற்கே மருந்து கொடுத்தேன். கொஞ்சம் சுகம் வரும், பிறகு பழையபடிதான். ஒருநாள் கிளினிக் கொப்பியை நீட்டும்போது அவருடைய இடுப்பைப் பார்த்தேன். ஓட்டோத் திறப்பைத் தங்கூசியால் களிசானின் பெல்ட் வளையத்தில் கட்டியிருந்தார், முடிச்சுக்கு மேல் முடிச்சாக ஆறேழு. ஏன் இப்படி என்று கேட்டேன். "இதக் கட்டாட்டி இதுவும் போயிரும் ஐயா. லைசன் மூணு தரம் போயிட்டு. தண்டக்காசு கட்டுற துண்டு சட்டைப் பையிலயே கிடந்து உடுப்போட தோய்ஞ்சிரும், மறுகா கோட்டுக்குத்தான் போகணும்" என்றார். தபால் கந்தோரில் 14 நாளுக்குள் கட்டித் தீர்க்கவேண்டிய தண்டப்பணத்துக்கு அவர் நீதிமன்றம் ஏறியது ஒரு முறை இரண்டு முறை அல்ல. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவருடைய சின்ன வயதைப் பற்றிக் கேட்டேன். கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. மனச்சோர்வு உண்மைதான், ஆனால் அது வேரில்லை. முப்பது வருடம் தன்னைத் தானே நம்பமுடியாமல் வாழ்ந்த களைப்பு அது. அந்த நான்கு வருடத்தையும் நான் இன்னும் மறக்கவில்லை.

இனி உங்கள் பெரிய கேள்வி: சண்டையும் சுனாமியுமா, ஏடிஎச்டியா? எங்கள் பகுதியில் இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். கொழும்பிலோ இலண்டனிலோ எழுதிய வினாத்தாளை அப்படியே எடுத்துவந்து இங்கே நிரப்பினால், எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஏடிஎச்டி என்று வந்துவிடும். நித்திரை குழம்பியவர், திடுக்கிடுபவர், எரிந்து விழுபவர், வாசித்தது மனதில் நிற்காதவர் என்று கணக்கெடுத்தால் இந்தக் கரையில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அதிர்ச்சிக்குப் பின்னான உளநோயும் கவனத்தைத்தான் முதலில் தின்னும்.

பிரித்தறிய முதல் திறப்பு காலம். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 என்ற கைநூல் 2013ல் வந்தது. அதன்படி ஏடிஎச்டியின் பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்கவேண்டும். முந்திய பதிப்பில் அது 7 வயதாக இருந்தது. கவனம் சார்ந்தவை ஒன்பது, துடியாட்டமும் பறதியும் (யோசிக்காமல் அவசரப்படுவதும்) சார்ந்தவை ஒன்பது என்று இரண்டு தொகுதிகள் அதில் உண்டு. 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு ஏதாவது ஒரு தொகுதியில் குறைந்தது ஐந்து இருக்கவேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு. வீடு, வேலை, பள்ளிக்கூடம், சிநேகிதம் என்று இரண்டு இடங்களிலாவது அது தெரியவேண்டும். வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். வேறொரு நோயால் இதைவிட நன்றாக விளக்க முடிந்தால் ஏடிஎச்டி என்று எழுதக்கூடாது.

உங்களுக்கு இப்போது 35 என்றால், 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமைப் போயா தினத்தில் உங்களுக்கு 14 வயது. அதாவது 12 என்ற கோடு சுனாமிக்கு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம். நீங்கள் எட்டாம், ஒன்பதாம் வயதில் எப்படி இருந்தீர்கள் என்பதில்தான் பாதிப் பதில் கிடக்கிறது. கடல் வருவதற்கு முன்பே கொப்பியைத் தொலைப்பவளாக, வாயில் வைத்த கவளத்தை மறந்து யோசிப்பவளாக, ஒரு வேலையை விட்டு மற்றதுக்குத் தாவுபவளாக இருந்திருந்தால் ஏடிஎச்டியின் பக்கம் பாரம் கூடும். ஐந்தாம் ஆண்டு வரை ஒழுங்காக இருந்து, சுனாமிக்குப் பிறகுதான் எல்லாம் குலைந்தது என்றால் வைத்தியர் வேறு பக்கம் பார்ப்பார்.

ஆனாலும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1990 வன்செயல் காலத்தில் நீங்கள் கைக்குழந்தை. எட்டு வயதில் நீங்கள் பார்த்ததும் சமாதான காலமல்ல. சுற்றிவளைப்பும் ஷெல் சத்தமும் இடம்பெயர்வும் உள்ள வீட்டில் வளரும் பிள்ளை கவனம் சிதறித்தான் இருக்கும். அதனால் காலம் மட்டும் போதாது, மனம் எங்கே போகிறது என்றும் பார்க்கவேண்டும். அதிர்ச்சியில் அடிபட்டவரின் மனம் ஒரே இடத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போகும். கடல் இரைச்சல் கொஞ்சம் மாறினால் உடம்பு எழும்பும். டிசம்பர் மாதம் வந்தால் நித்திரை போகும். கடற்கரை வீதியைத் தவிர்த்துச் சுற்றிப் போவார். கெட்ட கனவில் அதே தண்ணீர் வரும். ஏடிஎச்டி உள்ளவரின் மனம் எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது: காகம், கறி, நேற்றைய பேச்சு, நாளைய சம்பளம், பக்கத்து வீட்டுக் கூரை. அதில் பயம் இருக்கவேண்டும் என்றில்லை. கதை கேட்கும்போது இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். ஏடிஎச்டி உள்ளவருக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றுக்குப் பிறகு உளநோய் வரும் சாத்தியம் மற்றவரைவிடக் கூட என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்கள் கிளினிக்குகளிலும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அப்போது இரண்டுக்கும் தனித்தனியே வைத்தியம் வேண்டும். ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டோம் என்று மற்றதைக் கிடப்பில் போடக்கூடாது.

மகனுக்கு இருப்பதும் ஒரு தடயம். ஏடிஎச்டி குடும்பத்தில் ஓடும். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 70 முதல் 80 வீதம் பரம்பரையால் என்று வந்திருக்கிறது. பிள்ளையின் கதையைச் சொல்லவந்த தாயோ தகப்பனோ தன்னைக் கண்டுபிடிப்பது உலகமெங்கும் நடக்கிறது. நீங்கள் கிளினிக்கில் உணர்ந்தது கற்பனை இல்லை. ஆனால் பரம்பரை இருப்பது நிரூபணம் ஆகாது.

இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுத்து ஏடிஎச்டியை உறுதிசெய்ய முடியாது. கதைதான் பரிசோதனை. அதனால் அந்தக் கதைக்குச் சாட்சி வேண்டும். வேறு இடங்களில் பழைய தேர்ச்சி அறிக்கையைக் கொண்டுவரச் சொல்வார்கள். உங்கள் அறிக்கைகள் கடலோடு போயிருக்கும். எங்கள் பக்கத்தில் இன்னொரு வசதி உண்டு. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதுதான் இங்கே வழக்கம், அதனால் பெண்ணின் அம்மா அதே வளவில் அல்லது பக்கத்து வளவில் இருப்பார். உங்கள் அம்மா உயிரோடு இருந்தால் அவரைவிடப் பெரிய பதிவேடு இல்லை.

அம்மாவிடம் கேட்கும் விதம் முக்கியம். "நான் சின்னதில் குழப்படியா?" என்று கேட்டால், "சே, என்ட பிள்ள தங்கம்" என்பார். எந்தத் தாயும் வைத்தியருக்கு முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டார். சம்பவமாகக் கேளுங்கள். கடைக்கு அனுப்பினால் நான் என்ன செய்வேன்? எத்தனை குடை தொலைத்தேன்? சாப்பிட எவ்வளவு நேரம் எடுப்பேன்? வீட்டுப்பாடத்துக்கு யார் பக்கத்தில் இருக்கவேண்டி இருந்தது? இப்படிக் கேட்டபோது ஒரு தாய் என் முன்னால் சிரித்துச் சிரித்துச் சொன்னார்: "இவளா? தேங்கா வாங்க அனுப்பினா வழியில நிண்டு மீன்காரன்ட பெட்டியப் பாத்துக்கிட்டு நிப்பாள். மறுகா வெறுங்கையோட வருவாள், காசும் இருக்காது." மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் எழுதிக்கொண்டேன். அந்த மகளுக்கு அப்போது நாற்பது வயது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர், மூத்த அக்கா, பெரியம்மா, யாராயிருந்தாலும் உங்களைச் சிறுவயதில் கண்டவர் ஒருவர் போதும்.

உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட ஆறு கேள்விகள் கொண்ட சிறு வினாத்தாள் ஒன்று இருக்கிறது. வேலையின் கடைசிப் பகுதியை முடிக்கக் கஷ்டமா, ஒழுங்குபடுத்தவேண்டியதை ஒழுங்குபடுத்த முடிகிறதா, போகவேண்டிய இடம் மறக்கிறதா, யோசிக்கவேண்டிய வேலையைத் தள்ளிப்போடுகிறீர்களா, நீண்ட நேரம் இருக்கும்போது கைகால் அசைகிறதா, மோட்டார் பூட்டியது போல உணர்கிறீர்களா என்று கேட்கும். போனில் அதை நிரப்பிவிட்டு எனக்கு ஏடிஎச்டி என்று முடிவெடுக்காதீர்கள். அது சல்லடைதான். அதில் தங்குவதில் பலது வேறு நோயாக இருக்கும்.

அந்த வேறு நோய்களைப் பார்க்காமல் யாராவது உங்களுக்கு மருந்து எழுதினால் கேள்வி கேளுங்கள். தைரொயிட் கூடினாலும் குறைந்தாலும் கவனம் கெடும். மாதவிடாயில் இரத்தம் கூடுதலாகப் போகும் பெண்களுக்கு இரத்தசோகையால் மூளை மந்தமாக இருக்கும், எங்கள் பகுதியில் இதை முதலில் பார்க்கவேண்டும். இரவில் குறட்டையோடு மூச்சு தடைப்படுபவர் பகலில் ஏடிஎச்டி போலவே இருப்பார். மனச்சோர்வு, பதகளிப்பு, இருதுருவ நோய், மது, கஞ்சா, தலையில் பட்ட அடி எல்லாவற்றையும் கேட்டறியவேண்டும். இரவு ஒரு மணிவரை போனில் இருந்துவிட்டு ஐந்தரைக்கு எழும்புபவருக்கு முதல் வைத்தியம் நித்திரைதான், அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஏடிஎச்டி என்று உறுதியானால் வளர்ந்தவருக்கு முதலில் யோசிக்கும் மருந்துகளில் ஒன்று மெதில்பெனிடேட். நேற்று வந்த மருந்தல்ல. 1944ல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கி, 1950களிலிருந்து பாவனையில் இருப்பது. நரம்புக் கலங்களுக்கு இடையில் டோபமினும் நோர்அட்ரினலினும் உடனே உறிஞ்சப்படாமல் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வைக்கும். குளத்துக்குப் புதிதாகத் தண்ணீர் ஊற்றுவதில்லை, துருசின் பிடியைக் கையில் தருகிறது என்று நான் சொல்வதுண்டு. சாதாரண மாத்திரை அரை மணி ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி மூன்று நான்கு மணித்தியாலத்தில் அடங்கும். மெல்ல மெல்ல வெளிவரும் வகை கூடுதல் நேரம் நிற்கும். சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். உங்கள் எடை அல்லது பக்கத்து வீட்டாரின் அளவு இதற்குக் கணக்கில்லை. குறைந்த அளவில் ஆகக் கூடிய பலன் எங்கே கிடைக்கிறது என்று தேடவேண்டும்.

தொடங்குமுன் பிரஷர், நாடித்துடிப்பு, எடை மூன்றும் பார்க்கவேண்டும். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இதயத்தால் இறந்திருந்தால், உங்களுக்கு நெஞ்சு படபடப்போ மயக்கமோ வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், ஈசிஜி எடுப்பார்கள். பசி குறையும், வாய் காயும், பிந்திப் போட்டால் நித்திரை வராது, சிலருக்குப் பதற்றம் கூடும். பிள்ளை உண்டாக யோசித்தாலும் பால் கொடுத்தாலும் முதலிலேயே சொல்லவேண்டும்.

அடிமையாவேனா என்ற பயம் நியாயமானது. இந்த மருந்து 1971ஆம் ஆண்டு ஐநா உளத்தூண்டல் பொருட்கள் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, பொடித்து மூக்கால் இழுத்தால், அளவுக்கு மிஞ்சி எடுத்தால் ஆபத்துதான். எழுதிக்கொடுத்த அளவில் வாயால் எடுப்பவர் அடிமையாவது அரிது. நான் கண்ட பிரச்சினை இதற்கு நேர் எதிரானது: மாத்திரை போடவே மறந்துவிடுவார்கள். அடிமைப்படுத்தும் பொருளை யாரும் காலையில் மேசையில் வைத்துவிட்டு மறந்துபோவதில்லை. வீட்டில் முன்பு போதைப்பழக்கம் இருந்த ஒருவர் இருந்தால் மாத்திரையைப் பூட்டி வையுங்கள், வைத்தியரிடமும் சொல்லுங்கள்.

மோட்டார்சைக்கிள், ஓட்டோ ஓடுபவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். சுவீடனில் 17,000க்கும் மேற்பட்ட ஏடிஎச்டி ஆட்களின் பதிவுகளைப் பார்த்து 2014ல் வெளிவந்த ஆய்வில், மருந்து எடுத்த காலங்களில் ஆண்களின் பாரிய வீதி விபத்துகள் பாதிக்கும் மேல் குறைந்திருந்தன. என் ஓட்டோ சாரதியிடம் இதைச் சொன்னபோது அவர் மனைவிதான் முதலில் தலையாட்டினார்.

மெதில்பெனிடேட் ஒத்துக்கொள்ளாதவருக்கு, போதைப்பழக்கம் உள்ளவருக்கு அட்டமொக்செட்டின் என்ற வேறு வகை மருந்து உண்டு. அது தூண்டல் மருந்தல்ல. பலன் தெரிய நான்கு ஆறு வாரம் செல்லும், சிலவேளை அதற்கும் கூட. பத்து நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். மனச்சோர்வுக்கு ஏற்கனவே புளுவொக்செட்டின் எடுப்பவராக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது அட்டமொக்செட்டினை ஈரல் உடைப்பதை மந்தப்படுத்தி இரத்தத்தில் அளவைக் கூட்டிவிடும்.

எங்கள் மாவட்டங்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. இங்கே வீட்டுக்கு ஒருவர் கட்டார், டுபாய், சவூதி என்று போய்வருகிறார்கள். மெதில்பெனிடேட் கட்டுப்பாட்டு மருந்து. வளைகுடா நாடுகள் பலவற்றில் முன் அனுமதியும் வைத்தியர் கடிதமும் இல்லாமல் பையில் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பிரச்சினை. போகுமுன் அந்த நாட்டின் தூதரகத்தில் கேட்டு எழுத்தில் எடுங்கள். மற்றவருக்காகப் பொதி கொண்டுபோவதும் வேண்டாம். இங்கேயும் எல்லா பார்மசியிலும் இது இருக்காது, துண்டு இல்லாமல் தரவும் மாட்டார்கள். முடியும் நாளுக்கு ஒரு கிழமை முன்பே தேடத் தொடங்குங்கள்.

மாத்திரை துருசின் பிடியைத் தரும். எந்த வயலுக்குத் தண்ணீர் விடுவது என்று அது சொல்லித்தராது. அதற்குத்தான் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சு வைத்தியம். வேலையைத் துண்டு துண்டாக வெட்டுவது, தலைக்குள் வைத்திருப்பதை வெளியே எடுத்து வைப்பது, தன்னைத் திட்டும் பழக்கத்தைப் பிடித்து நிறுத்துவது எல்லாம் அதில் பழகலாம். பிரதானமான விதி ஒன்றுதான்: நினைவில் வைக்காதே, கண்ணுக்கும் காதுக்கும் முன்னால் வை.

உங்கள் கரையில் உங்களுக்கு வாய்த்த நல்ல மணிக்கூடு ஒன்று இருக்கிறது. தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் அந்த வீதியில் ஐந்து வேளைப் பாங்கு எல்லார் காதிலும் விழும். காரைதீவுப் பக்கத்துப் பெண் ஒருவர் அதை வைத்தே நாளைக் கட்டினார். சுபஹுக்கு எழும்புவது, லுஹருக்கு ஒபிஸில் மேசையில் உள்ளதை நிறுத்திவிட்டு மிச்ச வேலையை எழுதுவது, மஃரிபுக்குப் பிள்ளையின் புத்தகப்பையைத் திறப்பது. போன் அலாரத்தை அவர் கை தானாக அணைத்துவிடும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியை அவரால் அணைக்க முடியாது. வேறு மணிக்கூடு எதுவும் அவருக்கு இவ்வளவு உதவவில்லை.

காசு விசயம் இன்னும் கவனம். பறதியில் எடுக்கும் முடிவுகள் கடனில்தான் போய் முடியும். நுண்கடன் காரர் வாசலுக்கு வந்து கையெழுத்துக் கேட்டால் அன்றைக்குக் கையெழுத்திடுவதில்லை என்று வீட்டில் ஒரு சட்டம் வையுங்கள், ஒரு இரவு கழியட்டும். அடகு வைத்த நகையின் தவணைத் திகதியைச் சுவர்க் கலண்டரில் சிவப்பால் எழுதுங்கள், இரண்டு கிழமை முன்னுக்கு ஒரு முறையும் எழுதுங்கள். தவணை மறந்து ஏலத்துக்குப் போன தாலிக்கொடியைப் பற்றி ஒரு பெண் என் முன்னால் சொல்லி அழுதிருக்கிறார். காசு இல்லாமல் போன நகையல்ல அது.

ஒபிஸில் எல்லாரிடமும் சொல்லவேண்டியதில்லை. "மண்டை பிழை" என்று ஒரு வாய் சொன்னால் ஊர் முழுக்கச் சுற்றும் என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. கணவரிடம் சொல்லுங்கள், முடிந்தால் ஒருநாள் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். "வேணுமெண்டு செய்யிறாள்" என்று பத்து வருடம் நினைத்திருந்த மனிதர் வைத்தியர் விளக்கும்போது அப்படியே வாயடைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைப்பதிலும் தவறில்லை, நூல் கட்டுவதிலும் தவறில்லை. கிளினிக் நாளைத் தள்ளிப்போடாமல் அதையும் செய்யுங்கள்.

உறுதியான பிறகு சிலருக்கு முதல் வருவது ஆறுதல். இரண்டாவதாக வருவது கோபம். ஏ.எல்லில் விட்டது, அடிவாங்கியது, சொந்தக்காரருக்கு முன்னால் அவமானப்பட்டது எல்லாம் திரும்பி வந்து நிற்கும். அப்போது மருந்து பிழைக்கிறது என்று நினைத்து நிறுத்தாதீர்கள். அதையும் வைத்தியரிடம் பேசவேண்டும், அதுவும் வைத்தியத்தின் ஒரு பகுதி.

போகவேண்டிய இடம் தூரமில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது, கல்முனையில் ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு உண்டு. காசு இல்லை. வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து உளநலக் கிளினிக் எந்த நாள் என்று கேட்டால் சொல்வார்கள். எல்லா வைத்தியரும் வளர்ந்தவரின் ஏடிஎச்டியில் பழக்கப்பட்டவர் அல்ல, அதனால் "என் மகனுக்கு இது இருக்கிறது, எனக்கும் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது என்று சந்தேகம், உளமருத்துவ நிபுணரைப் பார்க்கவேண்டும்" என்று நேராகச் சொல்லுங்கள். அதற்கிடையில் மனம் தாங்காமல் வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காதீர்கள், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை எடுங்கள், இல்லாவிட்டால் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போகும் நாளுக்கு முந்திய இரவு ஒரு பை கட்டி வாசற்கதவின் பிடியில் தொங்கவிடுங்கள். அதற்குள் மகனின் கிளினிக் கொப்பி, உங்களுடைய பழைய மருந்துத் துண்டுகள், தைரொயிட் அல்லது இரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அந்த ரிப்போட், அம்மா சொன்ன சம்பவங்கள் எழுதிய ஒரு கடதாசி. அந்தக் கடதாசியில் தேங்காய், குடை, கொப்பி என்று அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், நோயின் பெயர் எதுவும் எழுதவேண்டாம். அம்மாவால் வர முடிந்தால் கடதாசியும் தேவையில்லை, அவரையே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போங்கள்.